காசு கட்டிக் காட்டில் கிடந்த கதை

1

ஆகஸ்ட் பதினைந்தாம் திகதி மடுத் திருநாள். இந்த வருடமும் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மண்டபம் எடுத்துக் கொண்டாடினோம். பூசை, செபமாலை, பிறகு ரோல்சும் தேநீரும். ஒன்பது மணிக்கு மண்டபத்துக்காரன் திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டான். எஞ்சிய ரோல்சைப் பெட்டியில் அடைத்து, மாதாவைத் துணியால் சுற்றிக் காரின் பின்சீட்டில் இருத்தி, சீற் பெல்ற்றும் போட்டுவிட்டு எல்லோரும் கலைந்தோம்.

மடுவை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மன்னார்ப் பக்கத்தில் நடுக்காட்டுக்குள் இருக்கிற மாதா கோவில் அது. திருநாளுக்கு லொறியிலும் வண்டியிலும் வருகிற சனம் சுற்றியுள்ள மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டு, அடுப்பு மூட்டி, பத்து நாள் அங்கேயே கிடக்கும். சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். புழுதி, ஈ, கிணற்றடியில் சண்டை, பக்கத்துக் கொட்டிலின் புகை முழுவதும் எங்கள் கண்ணில். ஆனால் அது நாங்களாகப் போய் நாங்களாகத் திரும்பி வந்த காடு. தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியபோது மன்னார்ச் சனம் அதே மரங்களுக்குக் கீழே அகதிகளாகப் போய் இருந்தது. என் அக்கா பிலோமினாவும் போனார். இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, மூன்று வருடத்துக்கு முன் இதே மாதத்தில் போன இன்னொரு காடு நினைவுக்கு வந்தது. அது வெள்ளைக்காரர்களோடு காசு கட்டிப் போன காடு. ஊரில் என்னைப் பற்றி, “அவனுக்கென்ன, லண்டனில நல்லா இருக்கிறான்” என்று கதைக்கிறீர்களாம். எப்படி இருக்கிறேன் என்று ஒருமுறை வாசித்துவிட்டுக் கதையுங்கள்.

2

அனிற்றா எங்கள் ஒரே பிள்ளை. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. ஒரு பின்னேரம் கோவில் இளைஞர் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவள், பையைக் கதிரையில் எறிந்துவிட்டுக் கேட்டாள்.

“அப்பா, அம்மா, நாங்க மூண்டு பேரும் காம்புக்குப் போவமா?”

என் மனைவி றெஜினா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி அப்படியே நின்றது. “எந்தக் காம்புக்கு? ஆரைப் பிடிச்சவங்கள்?”

அனிற்றா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் றெஜினாவுக்கும் சிரிக்க முடியவில்லை. எங்கள் காதுக்குத் தெரிந்த காம்ப் இரண்டுதான். ஒன்று ஆமிக்காரனின் காம்ப், பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற இடம். மற்றது அகதி முகாம். காசு கொடுத்து, முன்பதிவு செய்து, லீவு போட்டுவிட்டுச் சந்தோசமாகப் போகிற மூன்றாவது காம்ப் ஒன்று இருக்கிறது என்பது எங்களுக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

எங்கள் கோவில் பங்கில் கொலின் என்று ஒருவர் இருக்கிறார். பென்சன் எடுத்த மனுசன், நல்ல மனுசன், கோடை வந்தால் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்கொட்லாந்துப் பக்கம் போவார். காட்டுக்குள் ஒரு ஏரிக்கரை, மூன்று இரவு. அனிற்றா கண்கள் விரிய விவரித்தாள். றோட்டு இல்லை. லைற் இல்லை. பைப் இல்லை. கக்கூசும் இல்லை.

“அப்ப என்னதான் இருக்கு?” என்றாள் றெஜினா.

“ஒண்டுமில்லை அம்மா. அதுதான் பொயின்ற்.”

“ஒண்டுமில்லாத இடத்துக்குப் போறதுக்குக் காசு கேக்கினமோ?”

நான்தான் ஓம் என்றேன். அதற்கு இரண்டு காரணம். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டால், “இந்த மூலையில நிப்பாட்டுங்கோ அப்பா, நான் நடந்து போறன்” என்று சொல்லும் வயது அவளுக்கு. என்னுடைய கார் பழசு, என்னுடைய ஆங்கிலம் அதைவிடப் பழசு. அப்படிப்பட்டவள் தானாக வந்து எங்களை ஓரிடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். மாட்டேன் என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்?

இரண்டாவது காரணம் அக்கா.

3

நான் எண்பத்து மூன்றின் கடைசியில் வெளிக்கிட்டேன். அடுத்த வருடம் றெஜினா வந்தாள். மூன்று வயதுப் பிள்ளையைக் கொண்டுவர வழி கிடைக்கவில்லை, அக்காவிடம் விட்டுவிட்டு வந்தாள். அக்காவுக்குக் கலியாணம் ஆகவில்லை. அனிற்றாவைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, அவளோடு பாயில் படுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு வருடா வருடம் மடுவுக்கும் போய் வந்தவர் அவர்தான். ஆறு வயதில் பிள்ளை லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது எயார்போட்டில் றெஜினாவைப் பார்த்து வீரிட்டு அழுதது. மாதக்கணக்காகத் தாயையும், அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, “மாமி” என்றே கூப்பிட்டது. இராத்திரி எழும்பி ஊரில் இருக்கிற மாமியிடம் போகவேண்டும் என்று கதவைத் தட்டியது. பெற்றவள் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டாள்.

பிறகு ஒருநாள் அந்தச் சொல் நின்றுவிட்டது. பள்ளிக்கூடம், ஆங்கிலம், சிநேகிதப் பிள்ளைகள். மாமியைப் பற்றி அவள் கேட்பதில்லை. அக்காவின் கடிதம் வந்தால் நான் வாசித்துக் காட்டுவேன், “ம்” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். இவளுக்கு அக்காவை உண்மையிலேயே ஞாபகம் இருக்கிறதா, இல்லையா? பத்து வருடமாக என்னை அரித்த கேள்வி அதுதான். நேரே கேட்டிருக்கலாம். “இல்லை” என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் கேட்காமல் விட்டேன்.

தொண்ணூற்று நாலில் அக்காவை மூன்று மாதத்துக்கு இங்கே கூப்பிட விசாவுக்கு விண்ணப்பித்தேன். நிலையான முகவரி இல்லாதபடியால் அவர் திரும்பிப் போவார் என்று நம்ப இடமில்லை என்று மறுத்துவிட்டார்கள். காட்டில் மரத்துக்குக் கீழே இருக்கிற ஒரு மனுசி திரும்பவும் அந்த மரத்துக்குக் கீழே போவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்கிறார்கள். எவ்வளவு நுணுக்கமான மூளை! அந்த ஆங்கிலக் கடிதத்தை அனிற்றாதான் வாசித்து எனக்கு விளக்கினாள். “அட்ரஸ் இல்லையாம் அப்பா” என்று சொல்லிவிட்டு ரீவி பார்க்கப் போய்விட்டாள். யாருக்கு அட்ரஸ் இல்லை என்று அவள் கேட்கவில்லை. கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தாமல் ஷிப்டுக்கு வெளிக்கிட்டுப் போனேன்.

என் ஷிப்ட் கற்விக் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்கிற இடத்தில். குளிர் அறைக்குள் நின்று தட்டுக்குத் தட்டு ஒரு பட்டர் கட்டியும் ஒரு பாண் துண்டும் வைப்பேன். மன்னாரில் தபால் கந்தோரில் இருந்தவன். காம்பிங் என்று அனிற்றா சொன்ன அன்று அந்தக் குளிருக்குள் நின்று ஒரு கணக்குப் போட்டேன். மரம், தண்ணீர், மண் தரை, வெளியில் சமையல். மூன்று நாள் அப்படிக் கிடந்தால் பிள்ளைக்கு மடு ஞாபகம் வராதா? மடு வந்தால் மாமியும் வருவாதானே? இதற்காகத்தான் போனேன். ஏரியும் காற்றும் எனக்கு எதற்கு.

4

றெஜினாவும் தன் பாட்டில் ஒரு மடுவுக்குத்தான் வெளிக்கிட்டாள். காட்டில் மூன்று நாள் இருப்பது என்றால் எங்களுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். அரிசி ஒரு பை, பெரிய பானை, இரண்டு சட்டி, பருப்பு, தேங்காய், அதைத் துருவத் திருவலை, கருவாடு, பாய், பிளாஸ்ரிக் விரிப்பு. பக்கத்துக் கொட்டிலுக்கும் சேர்த்துச் சமைப்பது மடு வழக்கம். ஆகவே கூட வருகிற எல்லா வெள்ளைக்காரருக்கும் சேர்த்துக் கட்டினாள். கடைசியாக ஒரு சின்ன ரின்னில் மடு மண். அந்த மண் இருக்கிற இடத்தில் பாம்பு தீண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை, சைவக்காரரும் வாங்கி வைத்திருப்பார்கள்.

கோவில் வாசலில் மினிபஸ் நின்றது. கொலின் எங்கள் சாமான்களைப் பார்த்தார். அவருடைய மனைவி ஜூடித்தும் பார்த்தாள். “அருமை” என்றார் கொலின். வெள்ளைக்காரன் அருமை என்று சொன்னால் எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று பதின்மூன்று வருடத்தில் கொஞ்சம் படித்திருக்கிறேன். இது நல்ல அர்த்தம் இல்லை என்று விளங்கியது. அனிற்றா ஏறிப்போய்க் கடைசி சீற்றில், மற்றப் பெண்பிள்ளைகளோடு இருந்துகொண்டாள்.

ஸ்கொட்லாந்துக்கு ஒரு முழுப் பகல் ஓட்டம். பஸ் நின்ற இடத்தில் காட்டு மரங்கள் மட்டும்தான் தெரிந்தன. ஏரி எங்கே என்று கேட்டேன். அங்கிருந்து நடக்கவேண்டும் என்றார் கொலின், ஒன்றரை மணித்தியாலம், எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு. மற்றவர்களிடம் ஆளுக்கொரு முதுகுப்பை, அவ்வளவுதான். அரிசியில் பாதியையும் தேங்காய்களையும் பஸ்சுக்குள் விட்டோம். பானையை விட றெஜினா சம்மதிக்கவில்லை. “பானை இல்லாம என்னத்தில ஆக்கிறது? நீங்கள் தூக்காட்டி நான் தூக்கிறன்” என்றாள்.

நான் பானையைத் தோளில் வைத்தேன். றெஜினா பாயையும் விரிப்பையும் தலையில் வைத்தாள். முந்தின வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து சனம் மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்ட படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்திருப்பீர்கள் என்ன, அதில் நீங்களே இருந்திருப்பீர்கள். அதே கோலம். முன்னால் போன கொலின் திரும்பிப் பார்த்துவிட்டு எங்களை ஒரு படம் எடுத்தார். அனிற்றா வெகு தூரம் முன்னால் நடந்தாள். ஒருமுறையாவது திரும்புவாள் என்று பார்த்தேன், திரும்பவில்லை.

ஏரி வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. கறுத்தத் தண்ணீர், அடுத்த கரை வரைக்கும் ஊசி மரங்கள், ஒரு வீடு இல்லை, ஒரு செக்பொயின்ற் இல்லை. கொலின் எல்லோரையும் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார். ஒரு கொப்பும் முறிக்கக்கூடாது. நெருப்பு மூட்டக்கூடாது. ஏரிக்குள் பாத்திரம் கழுவக்கூடாது, தண்ணீரை அள்ளிக்கொண்டு தள்ளிப் போய்க் கழுவவேண்டும். குப்பை முழுவதும் திரும்ப லண்டனுக்கு வரவேண்டும். நாங்கள் வந்துபோன அடையாளமே இந்த மண்ணில் இருக்கக்கூடாது. சொல்லும்போது அவருடைய முகம் பூசை வைக்கிற சுவாமியாரின் முகம்போல் இருந்தது. எங்கள் சனம் இந்த விதியை எத்தனை ஊரில் நிறைவேற்றியிருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன்.

கடைசியாக ஒரு சின்ன மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினார். தேவை வருகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு தூரப் போய், கிடங்கு கிண்டி, முடித்ததும் மூடிவிட வேண்டுமாம்.

“என்னப்பா, வெளிக்குப் போறதுக்கோ உது?” றெஜினா என் காதுக்குள் கேட்டாள். “சந்திரனுக்கு ஆள் அனுப்பின சாதி. ஒரு கக்கூஸ் கட்ட ஏலாதோ?”

“கட்டக்கூடாதாம். அதுதான் இதின்ர விசேஷம்.”

“பிலோமினா மச்சாள் எழுதினவா, அங்க கக்கூசுக்கு விடிய எழும்பி வரிசையில நிக்கவேணுமாம் எண்டு. கட்டித் தாங்கோ எண்டு அந்தச் சனம் மன்றாடுது.” கையிலிருந்த பாயைக் கீழே போட்டாள். “இவை இருக்கிறதை விட்டிட்டு வந்து கிடங்கு கிண்டுகினம்.”

நெருப்பு இல்லாதபடியால் பானைக்கு வேலை இல்லை. கொலின் தன்னுடைய காஸ் அடுப்பைத் தந்தார். சிரட்டை அளவு அடுப்பு, அதன்மேல் இருபது பேருக்கு ஆக்கிற பானை. கொஞ்ச நேரம் நின்றது, பிறகு சரிந்தது. பாதி வெந்த சோறு புல்லில் கொட்டியது. அதை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிப் பையில் போடவேண்டியிருந்தது, அடையாளம் இருக்கக்கூடாதே. ஜூடித் குனிந்து கூடப் பொறுக்கினாள். றெஜினா வெட்கத்தில் நிமிரவில்லை. இரவு எல்லோரும் சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கிய பக்கற் சாப்பாடு சாப்பிட்டோம். அது குளிர் அறையில் நான் பொதி செய்கிற சாப்பாட்டைவிடக் கேவலம்.

படுக்கமுன் றெஜினா ரின்னைத் திறந்து கொலின் தந்த ரென்ற் கூடாரத்தைச் சுற்றி மடு மண்ணைத் தூவினாள். அனிற்றா ஓடி வந்தாள்.

“அம்மா, ஸ்ரொப் இற். வெளி மண் கொண்டுவந்து போடக்கூடாது. இஞ்ச பாம்பே இல்லை.”

“உமக்குத் தெரியுமோ? காடு எண்டா பாம்பு இருக்கும்.”

“எல்லாரும் பாக்கினம், அம்மா, ப்ளீஸ்.”

யாரும் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் ரென்ரோடு மினக்கெட்டுக்கொண்டிருந்தார்கள். றெஜினா மிச்ச மண்ணை ரின்னில் போட்டு மூடினாள். “இதே மண்ணில புரண்டு விளையாடின பிள்ளை” என்று என்னிடம் சொன்னாள். நான் அனிற்றாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை.

5

கடைசிப் பின்னேரம். அந்தப் பக்கத்தில் கோடையில் சூரியன் போக மனமில்லாமல் நிற்கும், சாப்பிட்டு முடித்த பிறகும் நல்ல வெளிச்சம். எல்லோரும் ஏரிக்கரையில் வட்டமாக இருந்தோம். கொலினுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாளில் ஒவ்வொருவரும் தாங்கள் திறந்த வெளியில் கழித்த, மறக்கமுடியாத ஒரு நாளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவர் மலை ஏறியதைச் சொன்னார். ஒருத்தி கலியாணம் முடித்த புதிதில் மழைக்குள் ரென்ற் பறந்ததைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அனிற்றாவும் சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை நான் வீட்டில் கண்டு கனகாலம்.

என் முறை வந்தது. எனக்குச் சமாளிக்கிற அளவு ஆங்கிலம் தெரியும். ஆனால் அன்றைக்கு வேண்டுமென்றே அனிற்றாவைக் கூப்பிட்டேன். “பிள்ளை, நான் தமிழில சொல்லுறன், நீ இவைக்கு இங்கிலீசில சொல்லு.” என் எண்ணம் இதுதான். அக்காவின் கதை அவளுடைய வாயால் வரட்டும். வாயால் வந்தால் மனதிலும் வரவேண்டும். அந்த மூன்று நாளில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது.

அவள் பக்கத்தில் வந்து இருந்தாள். நான் நிறுத்தி நிறுத்தி, அவளுக்கு விளங்கும்படி சொன்னேன்.

“என்ர அக்கா மடு எண்டு ஒரு காட்டில இருக்கிறா. மாதா கோவில் இருக்கிற இடம். சண்டையில வீட்டை விட்டிட்டு ஓடிப் போனவா. ஆறு வருஷமா முகாமில, மரத்துக்குக் கீழதான் இருக்கிறா. நாங்கள் மூண்டு நாளையில வீட்ட போயிடுவம். அவவுக்குப் போக வீடில்லை.”

எல்லோரும் அனிற்றாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஒரு கணம் ஏரியைப் பார்த்தாள். பிறகு அழகான ஆங்கிலத்தில் சொன்னாள். அதன் தமிழ் இது: “எங்கள் மாமி ஆறு வருடமாகக் காம்பிங் செய்கிறார். ஒரு கோவிலுக்குப் பக்கத்தில், காட்டில், மரங்களுக்குக் கீழே. மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுகிற ஆள் இல்லை அவர்.”

“ஓ, எவ்வளவு நல்லது!” என்றாள் ஜூடித். கொலின் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். “அப்படியென்றால் இது உங்கள் குடும்ப இரத்தத்தில் இருக்கிறது” என்றார் ஒருவர்.

பக்கத்தில் இருந்த றெஜினா, “என்னவாம்? ஏன் கை தட்டுகினம்?” என்று கேட்டாள். எழும்பி நின்று, இல்லை, அது அப்படியில்லை என்று என்னுடைய உடைந்த ஆங்கிலத்திலேயே சொல்லியிருப்பேன். சொன்னால் வட்டமாக இருக்கிற அத்தனை பேர் முன்னிலையிலும் என் பிள்ளை பொய்க்காரியாவாள். அதனால் இருந்துவிட்டேன்.

ஜூடித் இன்னொன்றும் கேட்டாள். அனிற்றா என் பக்கம் திரும்பி, என் கண்ணைப் பார்க்காமல், அதைத் தமிழாக்கினாள். “மாமிக்கு அலுக்கிறேல்லையோ எண்டு கேக்கிறா.”

“இல்லை, பழகிட்டா எண்டு சொல்லு” என்றேன்.

அதை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தாள்.

6

எனக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. முகாம் என்ற சொல் அவளுக்கு விளங்கியிருக்காது. லண்டனில் வளர்ந்த பிள்ளை, முகாமுக்கும் காம்பிங்குக்கும் வித்தியாசம் அவளுக்கு எப்படித் தெரியும்? பிழை என்னுடையது, நான் இன்னும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுத்தேன்.

விடிய அவள் கரையில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

“பிள்ளை, முகாம் எண்டா என்ன எண்டு தெரியுமோ உனக்கு?”

“தெரியும் அப்பா.”

“என்ன?”

“ரெஃப்யூஜி காம்ப்.”

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீ?”

அவள் தண்ணீர்ப் பையைக் கீழே வைத்தாள். தொடங்கியது தமிழில், போனது ஆங்கிலத்தில். எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள் என்றாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவ்வளவு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டு, தலையைச் சரித்து, தன்னைப் பார்த்திருப்பார்கள் என்றாள். பள்ளிக்கூடத்தில் செய்தியில் எங்கள் நாடு வருகிற ஒவ்வொரு நாளும் அப்படித்தான் பார்க்கிறார்களாம். வகுப்பில் ரீச்சர் குரலைத் தாழ்த்தி, “வீட்டில் எல்லோரும் சுகமா” என்று கேட்கிறாராம். ஒரு இடத்திலாவது யாரும் தன்னை அப்படிப் பார்க்காமல் இருக்கவேண்டும் என்று நினைத்தாளாம். அதற்காகத்தான் இந்தக் காம்புக்கே வந்தாளாம்.

“நீ மாமியை மறந்திட்டாய்” என்றேன்.

“இல்லை அப்பா.” தமிழுக்குத் திரும்பினாள். “மாமி கையில காப்பில ஊசி கொழுவி வச்சிருப்பா. தூக்கேக்க அது என்ர காலில குத்தும். நான் அழமாட்டன், இறக்கி விட்டிடுவா எண்டு.”

அந்த ஊசி எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் அக்கா காப்பில் ஊசி கொழுவியிருந்தாரா என்று றெஜினாவைத்தான் பிறகு கேட்டேன். ஓம் என்றாள்.

“நான் பிழையா சொன்னனானா அப்பா?” அனிற்றா கேட்டாள்.

“இல்லை. நல்லாத்தான் சொன்னனீ” என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் அந்த ஏரிக்கரையிலேயே குந்தியிருந்து அழுதேன். பத்து வருடமாக மறந்துவிட்டாளோ என்று பயந்தேன். மறந்திருந்தால் ஞாபகப்படுத்தியிருப்பேன், அதற்குத்தானே பானையைத் தோளில் சுமந்து அவ்வளவு தூரம் போனேன். இவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஊசி முனை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. இனி நான் என்ன செய்ய?

மத்தியானம் ரென்ருகளைச் சுருட்டினோம். கொலின் ஒவ்வொரு இடமாக நடந்து பார்த்து, புல்லைக் காலால் தடவிவிட்டு, ஒரு அடையாளமும் இல்லை என்று எங்களைப் பாராட்டினார்.

7

அனிற்றா இப்போது ஸ்கொட்லாந்தில் ஒரு யூனிவர்சிற்றியில் முதல் வருடம் முடித்திருக்கிறாள். லண்டனில் இல்லாத படிப்பா என்று றெஜினா கேட்டாள், மகள் பெட்டியைக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பாள். சுகமா அப்பா, சுகம் பிள்ளை, சாப்பிட்டியோ, ஓம், அம்மாட்ட குடுக்கவோ. அதற்கு மேல் ஏதாவது கேட்டால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள், அங்கே அவளைப் பிடிக்க எனக்கு ஏலாது. விடுமுறைக்குச் சிநேகிதர்களோடு ஏரிக்கரைகளில் காம்பிங் போகிறாளாம்.

அக்கா எழுதுகிறார். மழைக்குக் கூரை ஒழுகுவதை எழுதுகிறார், பங்கீட்டு மா வண்டு பிடித்திருந்ததை எழுதுகிறார். கடைசியில் தவறாமல், “அனிற்றாக் குஞ்சு என்னை விசாரிக்கிறவவோ?” என்று ஒரு வரி. விசாரிக்கிறவள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன். மகள் ஆங்கிலத்தில் செய்ததை நான் தமிழில் செய்கிறேன்.

திருநாள் முடிந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது கொலின் கோவில் வாசலில் நின்றார். கையைக் குலுக்கி, அனிற்றாவைப் பற்றிக் கேட்டார். றெஜினாவின் முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டார். மனுசன் ஒன்றையும் மறப்பதில்லை.

“உங்கள் அக்கா?” என்றார் சிரித்துக்கொண்டு. “இன்னும் காம்பிங்தானா?”

“ஓம்” என்றேன். “இன்னும் காம்பிங்தான்.”